பெனால்டியை விடுங்கள், வாக்கோவரைப் பிடியுங்கள்

கேள்வி: என் மகன் 13 வயதுக்குட்பட்டோர் கால்பந்து லீக்கில் ஆடுகிறான். அவன் அணி 1-0 என்று முன்னணியில் இருந்த ஓர் ஆட்டம் முதல் பாதியிலேயே மழையால் நின்றுவிட்டது. அதை மறுநாள் மாலை நடத்துவதாக இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. ஐந்து பையன்களால்தான் வர முடிந்தது. எதிரணிக்கு வாக்கோவர், அதாவது ஆடாமலே வெற்றி, கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் எங்களுக்கு வரவேண்டிய பெனால்டியை நடுவர் தரவில்லை. அவர் எதிரணி கோச்சின் தம்பி என்பது பிறகுதான் தெரிந்தது. ‘கமிட்டியில் எனக்கு ஆள் இருக்கிறது, இரண்டு ஆட்டத்தையும் திரும்ப நடத்த வைக்கிறேன், கொஞ்சம் செலவாகும்’ என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இதை முடித்துவிடுகிறேன்.

அந்த ஆள் உங்களிடம் எதை விற்கிறார் என்று பாருங்கள். வாக்கோவர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒழுங்காக ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் கமிட்டி அதை எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஆள் பிடிக்கத் தேவையில்லை. பெனால்டி விஷயத்தில் எந்த ஆளாலும் ஒன்றும் செய்ய முடியாது. சும்மா கிடைப்பதையும் கிடைக்கவே கிடைக்காததையும் ஒரே பொட்டலமாகக் கட்டி உங்களிடம் காசு கேட்கிறார். உங்கள் கடிதம் ஜெயித்தால் ‘நான்தான் பேசினேன்’ என்பார். தோற்றால் ‘கடைசி நேரத்தில் ஒருத்தர் மாறிவிட்டார், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் பார்க்கலாம்’ என்பார். நான் விசில் ஊதிய காலத்திலும் சரி, அட்டவணைக் குழுவில் உட்கார்ந்த காலத்திலும் சரி, இப்படிப்பட்டவர்களை மைதானத்து ஓரத்தில் பார்க்காத சீசன் இல்லை. தோற்ற அணியின் பெற்றோர் எங்கே நிற்கிறார்களோ அங்கேதான் நிற்பார்கள்.

சரி, வாக்கோவருக்கு வருவோம்.

11 பேர் ஆடும் ஆட்டத்தில் ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ கூடாது என்பது விதி. ஐந்து பேரை வைத்துக்கொண்டு நடுவர் ஆட்டத்தைத் தொடங்காதது சரிதான். ஆனால் பல பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வாக்கோவர் கொடுப்பது நடுவரின் வேலை இல்லை. ‘இன்ன அணியில் போதிய ஆட்கள் இல்லை, ஆட்டம் நடக்கவில்லை’ என்று அறிக்கை எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. அதை வைத்துப் புள்ளியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது போட்டியை நடத்தும் கமிட்டி. ஆகவே உங்கள் சண்டை கமிட்டியோடுதான். அதுவும் ‘ஏன் ஆட்கள் வரவில்லை’ என்பதைப் பற்றியது இல்லை. ‘எப்போது சொன்னீர்கள்’ என்பதைப் பற்றியது.

உங்கள் அணி மேலாளரிடம் போட்டியின் விதிமுறைத் தாளைக் கேளுங்கள். கால்பந்து விதிகள் 17-ஐச் சொல்லவில்லை, இந்த லீக் தனக்கென்று எழுதி வைத்திருக்கும் தாளைச் சொல்கிறேன். ‘அதெல்லாம் எதற்கு’ என்று இழுத்தால் விடாதீர்கள். தாளே கிடையாது என்றால், எந்த விதியின் கீழ் வாக்கோவர் கொடுத்தார்கள் என்பதையே கடிதத்தின் முதல் கேள்வியாக வையுங்கள். தாள் கிடைத்தால் அதில் நீங்கள் தேட வேண்டியவை மூன்றே மூன்று: தேதி மாற்றினால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், யாருக்கு எந்த வழியில் சொல்ல வேண்டும், ஆட்சேபம் கொடுக்கக் கடைசி நேரம் என்ன. மூன்றாவதுதான் எமன். நிறைய லீக்குகளில் இந்தக் கெடு நாள் கணக்கில் இருக்காது, மணிக்கணக்கில் இருக்கும். ‘நான் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று அந்த ஆள் இழுத்தடிக்கும் நேரத்தில் கெடு ஓடிப்போகும். காசு போவதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

கடிதத்தை நீங்கள் கொடுக்காதீர்கள். பெற்றோர் பெயரில் வந்த கடிதத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிடுவார்கள். அணியின் பெயரில், பதிவான மேலாளர் கையெழுத்தோடு போக வேண்டும். அழுகையும் ஆவேசமும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: ‘மழையால் நின்ற ஆட்டம் மறுநாள் மாலை நடக்கும் என்ற தகவல் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. படம் இணைத்திருக்கிறோம். விதிமுறையில் இன்ன பிரிவு இத்தனை மணி நேரம் அவகாசம் வேண்டும் என்கிறது. ஆகவே வாக்கோவரை ரத்து செய்து ஆட்டத்தை வேறு தேதியில் நடத்தக் கேட்டுக்கொள்கிறோம்.’ தகவல் வந்த நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். பையன்கள் ஏன் வரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் எழுதினால் அந்தக் காரணங்களைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். வேண்டாம்.

புள்ளிகளைக் கேட்காதீர்கள். ஆட்டத்தைக் கேளுங்கள். 1-0 என்று இருந்ததைத் தொடர்ந்து ஆட விடுங்கள் என்று கேட்கத் தோன்றும். பாதியில் கைவிடப்பட்ட ஆட்டத்தை முதலிலிருந்து ஆடுவதுதான் ஏழாவது விதியின்படி வழக்கம், லீக் விதிமுறை வேறுமாதிரி சொன்னால் ஒழிய. அந்த ஒரு கோல் போனது போனதுதான் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆட்சேபக் கட்டணம் கேட்கும் லீக்குகள் உண்டு. கட்டலாம், அதில் தப்பில்லை. பல இடங்களில் ஆட்சேபம் சரி என்று தீர்ப்பானால் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் லீக்கின் பெயரில் ரசீது வாங்காமல் ஒரு காசு நகரக் கூடாது. தனி ஆளின் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது கட்டணமே இல்லை.

அப்புறம் அந்தப் பெனால்டி. வருத்தம் புரிகிறது, ஆனால் விட்டுவிடுங்கள். ஆட்டத்தில் நடந்தவை பற்றி நடுவர் எடுக்கும் முடிவு இறுதியானது என்று ஐந்தாவது விதி சொல்கிறது. தள்ளினானா, தானே விழுந்தானா, கையில் பட்டதா, பந்து கோட்டைத் தாண்டியதா, எல்லாம் அவர் கண்ணுக்கு விட்டது. வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் உள்ளூர் லீக்கில் முடிவு மாறாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அந்த ஆள் உங்களிடம் இதைத்தான் அரைகுறையாகச் சொல்லியிருப்பார். நடுவரின் கண் தவறினால் பரிகாரம் இல்லை. நடுவருக்கு விதியே தெரியாமல் போனால் சில நேரம் பரிகாரம் உண்டு. 2015 ஏப்ரலில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் இங்கிலாந்தும் நார்வேயும் ஆடின. நார்வே 2-1 என்று முன்னணியில் இருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் இங்கிலாந்துக்குப் பெனால்டி. லியா வில்லியம்சன் கோல் அடித்தார். ஆனால் உதை விழுவதற்கு முன்பே சக வீராங்கனை ஒருவர் பெனால்டி பகுதிக்குள் ஓடிவந்துவிட்டார். அப்படி நடந்து கோலும் விழுந்தால் பெனால்டியை மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும். நடுவரோ கோலை ரத்து செய்து நார்வேக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்து ஆட்சேபித்தது. அந்தப் பெனால்டியிலிருந்து மீதி இருந்த சில விநாடிகளை மட்டும் திரும்ப ஆட வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து சங்கம் உத்தரவிட்டது. ஐந்து நாள் கழித்து அதே வில்லியம்சன் மறுபடி அடித்தார், கோல், 2-2.

இதில் கவனிக்க வேண்டியது, சக வீராங்கனை உள்ளே ஓடினாரா இல்லையா என்பது பற்றி அங்கே யாரும் வாதாடவில்லை. ஓடினார் என்று நடுவரே பார்த்தார், சொன்னார். பார்த்ததற்கு விதிப்படி என்ன தண்டனை என்பதில்தான் பிழை. 2005-ல் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் உஸ்பெகிஸ்தான்-பஹ்ரைன் ஆட்டத்திலும் கிட்டத்தட்ட இதே பிழை. அங்கே ஃபிஃபா முழு ஆட்டத்தையும் திரும்ப நடத்தச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால் ஆட்சேபம் கொடுத்தது முதல் ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்திருந்த உஸ்பெகிஸ்தான். திரும்ப ஆடியதில் 1-1 ஆனது, கடைசியில் அடுத்த சுற்றுக்குப் போனது பஹ்ரைன். உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நடுவர் பெனால்டி பகுதிக்குள் நடந்ததை ஃபவுல் என்று முடிவு செய்து, நேரடி ஃப்ரீ கிக்குக்கு உரிய ஃபவுல்தான் என்றும் ஒத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் பெனால்டி தராமல் இருந்தாரா? அப்படியென்றால் வழி இருக்கிறது. ‘ஃபவுலே இல்லை’ என்று சொல்லி ஆட்டத்தைத் தொடர விட்டாரா? அப்படியென்றால் கிடையாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

பெனால்டியும் வாக்கோவரும் ஒரே கடிதத்தில் வரவே கூடாது. கமிட்டிக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை. பெனால்டியைக் காட்டி முழுக் கடிதத்தையும் தள்ளிவிடுவார்கள்.

கோச்சின் தம்பி நடுவராக நின்றது தனிப் புகார். இதைக் கேட்க வேண்டிய நேரம் ஆட்டத்துக்கு முன்னால். நடுவரின் பெயரைக் கேட்டு, உறவு என்று தெரிந்தால் மேலாளர் ஆட்டத்தாளிலேயே ‘ஆட்சேபத்தோடு ஆடுகிறோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடி முடித்துத் தோற்ற பிறகு எழுதினால் எடுபடுவது கஷ்டம். இப்போது செய்யக்கூடியது, இனி உங்கள் ஆட்டங்களுக்கு அவரைப் போட வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கேட்பது. முடிவை மாற்றச் சொல்லாமல் இதை மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்தத் தம்பி அங்கே எப்படி வந்தார் என்று யோசித்தீர்களா? யாரும் சதி செய்து அவரைக் கொண்டுவந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 10 அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை ஆடினால் 90 ஆட்டம். வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் 18 வாரம். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. இப்படிப்பட்ட லீக்குகளை நடத்துபவர்கள் என்ன செய்கிறார்கள்? 18 சுற்றுக்குச் சரியாக 18 வாரம் ஒதுக்குகிறார்கள். மழைக்கு ஒரு வாரம், தேர்வுக்கு ஒரு வாரம், மைதானம் கிடைக்காமல் போனால் ஒரு வாரம், எதுவும் கிடையாது. சிலர் 14 வாரம் ஒதுக்கிவிட்டு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். மழை ஒருமுறை பெய்தால் போதும். தள்ளிப்போன ஆட்டங்கள் வார நாட்களில் வந்து குவியும், தகவல் முந்தின ராத்திரி வரும், பதிவு பெற்ற நடுவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், கையில் விசில் வைத்திருக்கிற எவரையாவது கூப்பிடுவார்கள். ஒரே நடுவர் துணை நடுவர் யாருமில்லாமல் நாள் முழுக்க நாலைந்து ஆட்டம் ஓடுவார். கடைசி ஆட்டத்தில் அவர் ஆஃப்சைடு கோட்டுக்கு நேராக நிற்கக்கூட முடியாமல் நடுவட்டத்திலிருந்தே கை காட்டுவார். உடனே ‘நடுவர்களின் தரம் குறைந்துவிட்டது’ என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். அட்டவணையைத் திருத்த மட்டும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. வருடா வருடம் இதே கூத்து, எனக்கு அலுத்துவிட்டது.

நடுவர்கள் போய்விடுவதற்கு வெளியிலிருந்து கத்தும் பெற்றோரும் ஒரு காரணம். த்ரோ-இன்னில் ஆஃப்சைடு கேட்டுக் கத்துகிறார்கள். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலும் ஆஃப்சைடு கிடையாது. கோல்கீப்பர் ஆறு விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் ஃப்ரீ கிக் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். 2025 ஜூலை முதல் அது எட்டு விநாடி, தண்டனை கார்னர் கிக். விசில் ஊதுகிறவன் பதினேழு வயதுப் பையனாக இருந்தால் இரண்டு சீசனில் விட்டுவிட்டுப் போய்விடுவான்.

சீசன் முடியும் நேரத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போகும் அணியைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக்கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே ஆடி முடித்தது. மறுநாள் ஆஸ்திரியாவை மேற்கு ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் இரண்டு அணிகளும் மேலே போகலாம் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் அந்த ஒரு கோல் விழுந்தது, அதற்கப்புறம் இரண்டு அணிகளும் ஆடவே இல்லை. அல்ஜீரியா வெளியேறியது. அடுத்த உலகக்கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். உங்கள் லீக்கில் தள்ளிப்போன ஆட்டத்தைக் கடைசிச் சுற்றுக்குப் பிறகு தனியாக நடத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லுங்கள். அப்படித் தனியாக நடக்கும் ஆட்டத்தைச் சுற்றித்தான் உங்களிடம் காசு கேட்டவரைப் போன்றவர்கள் மொய்ப்பார்கள். ஒரே நாளில் பையன்களை இரண்டு ஆட்டம் ஆடச் சொன்னாலும் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள்.

கடிதம் இன்றைக்கே போகட்டும். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள். பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அது இரண்டாவது வாக்கோவர் ஆகும், இரண்டு வாக்கோவர் ஆனால் அணியையே நீக்கிவிடும் லீக்குகள் இருக்கின்றன.