இகுவாசுவுக்கு முற்பணம் கட்ட முதல்

கேள்வி: நானும் மனைவியும் அரச வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். எனக்கு 63, அவவுக்கு 59. பிள்ளைகள் கனடாவில். எங்கள் ஊரில் பாதிப் பேர் நயாகராவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஒருக்கா வேறு மாதிரிப் போவோம் என்று பிரேசிலைத் தெரிவு செய்தோம். ஒரு முகவர் 12 நாள் பயணம் ஒன்றுக்கு விலை தந்திருக்கிறார். இகுவாசு நீர்வீழ்ச்சி "இரண்டு பக்கமும்", பிறகு பந்தனால் ஈரநிலத்தில் ஜாகுவார் (சிறுத்தை மாதிரிப் பெரிய காட்டுப் பூனை) பார்க்கப் படகு. ஆளுக்கு 5,800 டொலர். பெப்ரவரியில் போனால் 900 டொலர் குறையுமாம். வெள்ளிக்கிழமைக்குள் 60 வீதம் முற்பணம் போட்டால் விசா "நிச்சயம்" என்கிறார். கட்டலாமா?
– கோப்பாய் வாசகர்

பதில்: வெள்ளிக்கிழமை வந்து போகட்டும், கட்டாதீர்கள். நீங்கள் தெரிவு செய்த இடத்தில் ஒரு குறையும் இல்லை. முகவர் தந்த தாளில்தான் குறை.

முதலில் அந்த "இரண்டு பக்கமும்". இகுவாசு ஆறு விழுகிற இடத்தில் ஒரு கரை பிரேசில், மற்றக் கரை ஆர்ஜென்டினா. ஏறத்தாழ 2.7 கிலோமீற்றர் அகலத்துக்கு 275 அளவில் தனித்தனி அருவிகள். பெரும்பாலானவை ஆர்ஜென்டினாப் பக்கம் விழுகின்றன. பிரேசில் கரையில் நின்றால் முழுக் காட்சியும் கண்ணுக்கு முன்னால் விரியும், அரை நாள் போதும். ஆர்ஜென்டினாக் கரையில் நடை அதிகம். சின்ன ரயில் ஒன்றில் போய் இறங்கி, ஆற்றுக்கு மேலே போட்ட இரும்பு நடைபாலத்தில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடந்தால், "பிசாசின் தொண்டை" என்று அவர்கள் சொல்லும் 80 மீற்றர் வீழ்ச்சியின் விளிம்பிலேயே போய் நிற்கலாம்.

ஐரோப்பியர்கள் காலையில் அக்கரைக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்கு இக்கரைக்கு வந்துவிடுவார்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு அப்படிச் செய்ய முடியாது, இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விசா வேண்டும். பிரேசிலுக்குக் கொழும்பில் தூதரகம் இருக்கிறது. ஆர்ஜென்டினா விசாவுக்குப் புதுடில்லித் தூதரகத்தோடு அலைய வேண்டும். உங்கள் தாளில் உள்ள வசனம் ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரருக்கு எழுதியது. அதை அப்படியே தமிழில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது விசாவை யார் எடுப்பது, கிடைக்காவிட்டால் அந்த நாளுக்குரிய காசில் எவ்வளவு திரும்பி வரும் என்று கேளுங்கள். அக்கரைக்குப் போய் வந்தபின் திரும்பவும் பிரேசிலுக்குள் நுழைய உங்கள் விசா இடம் கொடுக்குமா என்பதையும் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆர்ஜென்டினாவை விட்டுவிட்டு, மிச்சப்படும் காசில் பந்தனாலில் இன்னும் ஒரு இரவு தங்குங்கள். முழங்கால் நோ இருந்தால் இந்த யோசனை இன்னும் நல்லது.

"விசா நிச்சயம்" என்று எந்த முகவராலும் சொல்ல முடியாது. முடிவு தூதரக அதிகாரியுடையது. முகவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்றால், மறுத்தால் முழுக் காசும் தருவேன் என்று கையெழுத்து வைக்கட்டும். வைக்கத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இனி, தாளில் எங்கேயும் இல்லாத விஷயம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசில் நுளம்பால் பரவும் இந்தக் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து திரும்பி வருபவரிடம் கட்டுநாயக்காவில் அந்தத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி குத்தி 10 நாள் போன பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை குத்தினால் ஆயுளுக்கும் போதும் என்பது 2016 முதல் உள்ள விதி. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள், கடவுச்சீட்டோடு போக வேண்டும். சிக்கல் என்னவென்றால், 60 வயதைத் தாண்டியவர் முதன்முறையாக இந்த ஊசியைப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூட. அரிதுதான், ஆனால் டாக்டர் உங்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். ஊசி கூடாது என்றால் விலக்குக் கடிதம் தருவதற்குச் சர்வதேச சுகாதார விதிகளில் இடம் உண்டு. ஆனால் ஊசி போடாமல் அந்தக் காட்டுக்குள் போவதா என்பதை அதற்குப் பிறகு திரும்பவும் யோசிக்க வேண்டிவரும். ஆகவே டாக்டரிடம் போவது முதல், முகவரிடம் போவது பிறகு. முற்பணம் கட்டியபின் டாக்டர் "வேண்டாம்" என்றால் அந்தக் காசை யார் தருவது?

அடுத்தது பெப்ரவரி. 900 டொலர் ஏன் குறைகிறது என்று முகவர் சொல்லவில்லைப் போலும். பந்தனால் உலகின் மிகப் பெரிய வெப்பமண்டல ஈரநிலம். பெரும்பகுதி பிரேசிலில், மீதி பொலிவியாவிலும் பரகுவேயிலும். நொவெம்பரில் இருந்து மார்ச் வரை மழை. தண்ணீர் பரவ, விலங்குகளும் பரவிவிடும். மண் வீதியும் சேறாகும். ஜூலையில் இருந்து ஒக்டோபர் வரை தண்ணீர் வற்றி ஆற்றங்கரைகள் வெளியே வரும். அப்போதுதான் கைமன் முதலைகள் வரிசையாகக் கிடக்கும், கப்பிபாரா என்ற பெரிய கொறிணிகள் கூட்டமாகத் தண்ணீருக்கு இறங்கும், அவற்றைத் தேடி ஜாகுவார் கரைக்கு வரும். படகில் இருந்தபடியே பார்க்கலாம். பெப்ரவரியிலும் பறவைகள் உண்டு, பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆனால் நீங்கள் காசு கொடுப்பது ஜாகுவாருக்கு. ஓகஸ்ட், செப்டெம்பர்தான் உங்கள் காலம். அதிலும் ஒரு பயம் இருக்கிறது: வறட்சி கடுமையான ஆண்டுகளில் அந்த மாதங்களில்தான் காடு எரியும். 2020-இல் பந்தனாலின் கால் பங்குக்கு மேல் எரிந்தது. புகை மண்டலம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

நீர்வீழ்ச்சிக்கும் அதே கேள்வி. 2023 ஒக்டோபர் கடைசியில் வெள்ளம் வந்து, வழமையாகச் செக்கனுக்கு 15 இலட்சம் லீற்றர் விழும் இடத்தில் 2 கோடி 40 இலட்சம் லீற்றர் விழுந்தது. நடைபாலங்களை மூடிவிட்டார்கள். உலகத்தின் அடுத்த அந்தத்தில் இருந்து வந்தவர்கள் வாசலில் நின்று திரும்பினார்கள்.

விடுதி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். "பந்தனால் விடுதி" என்று மட்டும் எழுதினால் போதாது. குயாபா விமான நிலையத்தில் இறங்கி, 100 கிலோமீற்றர் தள்ளி உள்ள பொக்கோனே என்ற சிறு பட்டணத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து டிரான்ஸ்பந்தனேய்ரா என்ற மண் வீதி ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, நூற்றுக்கு மேற்பட்ட பாலங்களைக் கடந்து, போர்ட்டோ ஜோஃப்ரே என்ற ஆற்றங்கரையில் முடிகிறது. ஜாகுவார் படகுகள் புறப்படுவது அந்த முனையில். வீதியின் தொடக்கத்தில் உள்ள விடுதியில் உங்களைத் தங்கவைத்துவிட்டு, ஒரு நாள் மட்டும் விடியப்புறம் கூட்டிக்கொண்டு போய் வந்தால், நாளில் பாதி தூசிக்குள் போய்விடும். விடுதியின் பெயரும், வீதியில் அது எத்தனையாவது கிலோமீற்றரில் இருக்கிறது என்பதும் தெரிந்தால் விலை நியாயமா என்று உங்களுக்கே விளங்கும்.

12 நாள் என்பதிலும் கணக்குப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்கா ஒரு இரவு. டோஹா அல்லது டுபாய் வழியாகச் சாவோ பாவுலோ, அதில் இரண்டாவது விமானம் மட்டும் 14 மணித்தியாலத்துக்கு மேல். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிச்சம் எட்டு. அந்த எட்டுக்குள்ளும் உள்நாட்டு விமானங்கள் இருக்கின்றன. அவை விலைக்குள் அடங்குமா, மலிவு ரிக்கெற்றா, பொதி சேர்த்தா? சாவோ பாவுலோவில் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்கள் உண்டு. குவாருல்யோஸில் இறங்கி கொங்கோன்யாஸில் ஏற வேண்டும் என்றால் நடுவில் பெருநகர நெரிசல். பூங்கா நுழைவுக் கட்டணம், அருவிக்கு அடியில் கொண்டுபோகும் படகு இவை இரண்டும் பெரும்பாலும் விலைக்கு வெளியேதான் நிற்கும். அந்தப் படகில் உடம்பு முழுக்க நனையும், முதுகு குலுங்கும். முதுகு நோக்காரர் கரையில் நின்று பார்ப்பது மேல்.

கடைசியாக 60 வீதம். விசா வர முதல் அவ்வளவு காசு கேட்பது அதிகம். விசாவுக்குத் தேவையான பதிவுகளுக்கு ஒரு சிறு தொகை, விசா கையில் வந்தபின் மீதி என்று பேசிப் பாருங்கள். நல்ல முகவர் இதற்கு இறங்கி வருவார்.

கேள்வி: அதே வாசகர் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "மகன் கனடாவில் இருந்து கட்டுகிறேன் என்கிறான். முகவர் தன் பெயரில் உள்ள கணக்கு இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்."

பதில்: தனி ஆளின் கணக்குக்குப் போடவே வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் கணக்கு, நிறுவனத்தின் பெயரில் பற்றுச்சீட்டு. விமான ரிக்கெற் விற்கும் முகவர்களுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, அதைக் காட்டச் சொல்லுங்கள். மகன் கட்டுவதானால் கடனட்டையால் கட்டட்டும். சேவை கிடைக்காவிட்டால் அட்டை வங்கியிடம் முறையிட்டுக் காசைத் திருப்பிக் கேட்க வழி உண்டு. ஆனால் அந்த முறைப்பாட்டை அட்டைக்காரர்தான் செய்ய முடியும். ஆகவே ஒப்பந்தத் தாள், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஒரு பிரதி மகனிடம் இருக்க வேண்டும்.

கேள்வி: சென்ற வருடம் வேறொரு நாட்டுப் பயணத்துக்குக் கட்டிய காசை முகவர் "இந்தா தாறன், அந்தா தாறன்" என்று இழுக்கிறார். எங்கே போவது?
– மானிப்பாய் வாசகி

பதில்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். யாழ்ப்பாணம் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) கேட்கலாம். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை வழங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு எந்த நாளில் தொடங்கும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். காலம் கடந்துவிட்டது என்றால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். இனி அந்த முகவரோடு தொலைபேசியில் பேச வேண்டாம், எதையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: பறவை பார்க்க தூரதரிசினி (இரண்டு கண்ணும் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்கப் போகிறேன். இணையத்தில் "180 மடங்கு" என்று மலிவாகப் போட்டிருக்கிறார்கள். நல்லதா?
– நல்லூர் வாசகர்

பதில்: அதைத் தொடவே வேண்டாம். 180 மடங்கு பெருப்பித்தால் உங்கள் கை நடுக்கமும் 180 மடங்கு பெருக்கும். அது விளம்பரத்துக்குப் போட்ட எண். பறவைக்கும் படகுக்கும் 8×42 தான் கைகண்டது: 8 மடங்கு பெருப்பம், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர். 10×50 பாரம் கூட, படகில் படம் ஆடும்.

கடையில் வாங்குவதானால் வெளியே கொண்டுவந்து பாருங்கள். நல்லூர்க் கோயில் வீதியில் நின்று, கோபுரக் கலசத்தின் விளிம்பை வானத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் போதும். விளிம்பில் ஊதா நிறம் கசிந்தால் கண்ணாடி மட்டம். ஒரு கண்ணை மாறி மாறி மூடிப் பாருங்கள், இரண்டு படமும் ஒன்றாகப் பொருந்தாமல் தலை இடித்தால் வேண்டாம். பிறகு தூரதரிசினியைக் கை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் வெளிச்சப் புள்ளியைக் கவனியுங்கள். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டதுபோல் தெரிந்தால் உள்ளே மலிவான கண்ணாடி. கோபுரத்தோடு நிறுத்தாமல் சுண்டிக்குளத்திலோ மண்டைதீவுப் பக்கத்திலோ ஒரு காலை பழகிவிட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பிரேசில் எல்லாம் எங்கள் வசதிக்கு எட்டாது. கலியாணம் கட்டி ஒரு வருடம். அருவியும் பறவையும் பார்க்க, சிக்கனமாக எங்கே போகலாம்?
– பருத்தித்துறை தம்பதி

பதில்: பலாலியில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. இந்தியாவுக்கு இணைய விசா எடுக்கலாம். அரச இணையத்தளத்தை மட்டும் பாவியுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கூடக் காசு வாங்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. தர்மபுரி மாவட்டத்தில் ஒகேனக்கல். காவிரி பாறைகளுக்குள் பிரிந்து விழ, அதற்குள் பரிசலில் போகலாம். சென்னைக்குத் தெற்கே வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்.

இரண்டும் ஒரே மாதத்தில் உச்சத்தில் இருப்பதில்லை என்பதுதான் குறை. வேடந்தாங்கலுக்கு நொவெம்பரில் இருந்து பெப்ரவரி வரை நல்லது. ஒகேனக்கலில் மழைக்காலத்தில் தண்ணீர் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். மழை ஓய்ந்து டிசெம்பர் கடைசியில் அல்லது ஜனவரியில் போனால் இரண்டும் ஓரளவுக்குச் சரிவரும். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிருங்கள், சனம் தாங்காது. பரிசலுக்கு அரச கட்டணப் பலகை இருக்கும். கரையில் வந்து கையைப் பிடித்து இழுப்பவரிடம் விலை பேசாமல் அங்கே ரிக்கெற் எடுங்கள். உயிர்காப்பு அங்கி தராவிட்டால் ஏற வேண்டாம்.