பூண்டு பல் பிரியாமல் உருண்டையாகவே நிற்கிறதே, ஏன்?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் சிறு பாத்தி போட்டு, மளிகைக் கடையில் வாங்கிய பூண்டை மாசிக் கடைசியில் ஊன்றினேன். பெரிய பல்லைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு சின்னப் பல்லை நட்டேன். தாள் செழிப்பாக வந்தது. ஆனியில் பிடுங்கினால் சின்ன வெங்காயம் மாதிரி ஒற்றை உருண்டைகள்! மண் சரியில்லையா?

பதில்: தாள் செழித்திருக்கிறதே, மண்மேல் பழி போடாதீர்கள். தவறியது பருவமும் விதையும்.

உருண்டை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். சதைப்பற்றான ஒரே உறை, நடுவில் ஒரே முளை. பூண்டுச் செடி இளசாக இருக்கும்போது சில வாரம் நல்ல குளிர் பட்டால்தான் இலைக்கணுக்களில் பக்க முளைகள் கிளம்பும்; அவை ஒவ்வொன்றும் ஒரு பல்லாகும். நீங்கள் ஊன்றும்போது மார்கழி, தைக் குளிர் போய்விட்டது. சின்னப் பல்லில் சத்தும் குறைவு. போதாக்குறைக்கு, கடைப் பூண்டு பெரும்பாலும் வட மாநிலத்துச் சரக்கு. அதில் சில ரகங்கள் நீண்ட பகலை எதிர்பார்க்கும். நீலகிரியில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது.

அந்த உருண்டைகளைச் சமைத்துத் தீர்த்துவிடாதீர்கள், அவை அருமையான விதை! நிழலில் உலர்த்தி வைத்து அடுத்த பருவத்தில் ஊன்றினால் பல் பிரிந்த முழுப் பூண்டாகும். கூடவே உள்ளூர் விவசாயியிடம் மலைப் பூண்டு விதை கேட்டு வாங்குங்கள். ஊட்டி 1 என்ற ரகம் கிடைத்தால் நல்லது. விதைக்கு வெளிவரிசைப் பெரிய பல்தான். பெரியது குழம்புக்கு, சிறியது பாத்திக்கு என்ற கணக்கு பூண்டிடம் செல்லாது.

கோத்தகிரிக்கு ஐப்பசி மழை பலமாக வரும். அதனால் மேட்டுப்பாத்தி கட்டி, மழை ஓய்ந்ததும் கார்த்திகையில் ஊன்றுங்கள். மலை மண்ணில் அமிலம் அதிகம். அதைத் தணிக்க, தேயிலைக்குப் போடும் டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளைச் சில வாரம் முன்பே கலந்துவிடுங்கள். மட்கிய சாண எரு போதும். வரிசைக்கு வரிசை 15 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ., முனை மேல்நோக்கி, மேலே ஓர் அங்குலம் மண். கடைசி மாதத்தில் யூரியா வேண்டவே வேண்டாம்.

அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் தாள் துவண்டு சாயும். அப்போது பிடுங்கி, தாளோடு கட்டி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கழுத்து காய்ந்து சருகாகும் வரை தாளை அறுக்கக் கூடாது. பச்சையாக அறுத்தால் வெட்டுவாய் வழியே பூஞ்சை இறங்கி உள்ளே அழுகிவிடும்.