லயத்து வீட்டுல இருந்துகிட்டே பழைய நாட்டுப்புறக் கதைங்கள இலவச ஓடியோ புத்தகமாப் பண்ண முடியுமா?

ஹட்டன் பக்கம், லயத்து வீடு (தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளருக்குக் கட்டுன வரிசை வீடு), கையில ஒரு சாதாரண போன் மட்டும்தான் இருக்கு, பேசுறதும் தோட்டத்துப் பேச்சு மாதிரி இருக்கும், இத வச்சுகிட்டு பழைய கதைங்கள வாசிச்சு லிப்ரிவொக்ஸ் மாதிரி இடத்துல போடலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமாப் போடலாம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துல, லயத்துல இருந்துதான் மூணு வருஷமா பண்ணிகிட்டு இருக்கேன், பகல்ல டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடையில வேலை, ராத்திரிதான் ரெக்கோடிங்.

முதல்ல லிப்ரிவொக்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 2005 ஓகஸ்ட்ல கனடாவுல மொன்றியல்ல ஹியூ மக்குவையர்னு ஒருத்தரு ஆரம்பிச்சது. கொப்பிரைட் முடிஞ்ச புத்தகங்கள உலகம் பூரா இருக்குற வொலன்டியருங்க வாசிச்சு அனுப்புவாங்க, யாருக்கும் சம்பளம் இல்ல, கேக்குறவங்களுக்கும் காசு இல்ல. வாசிச்ச ஓடியோவும் பப்ளிக் டொமைன்தான், அதாவது கொடுத்ததுக்கு அப்புறம் அது உங்களோடது இல்ல, ஊரோடது. ஃபைல் எல்லாம் இன்டர்நெட் ஆர்கைவ்ங்குற இலவச இணைய நூலகத்துல போய் உக்காந்துக்கும்.

மைக்குக்காக காத்துகிட்டு இருக்காதீங்க, போனோட வர்ற இயர்போன் மைக்கே போதும். நமக்கு உண்மையான பிரச்சினை சத்தம். நம்ம காம்பராவுல நடுச்சுவரு கூரை வரைக்கும் ஏறாது, பக்கத்து வீட்டு நாடகம், குக்கர் விசில், கொழந்த அழுகை எல்லாம் நம்ம வீட்டுலயே நடக்குற மாதிரி ரெக்கோட் ஆகும். மேல தகரம் வேற. எங்க பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை புடிச்சுச்சுன்னா தகரத்து மேல விழுற சத்தத்துல நம்ம பேசுறது நமக்கே கேக்காது, பதுளை பக்கம்னா அது வருஷக் கடைசியில. நான் பண்ணுறது என்னன்னா, ராத்திரி ஒம்பதரைக்கு மேல, மழை இல்லாத நாளாப் பாத்து, அம்மா கொழுந்துக்குப் போறப்ப போத்திகிட்டுப் போவாங்களே அந்தப் பழைய கம்பளி, அத தலையோட போத்திகிட்டு கட்டில்ல உக்காந்து வாசிப்பேன். கம்பளி எதிரொலிய நல்லா குடிச்சிரும். மைக்க வாய்க்கு நேரா வைக்காம ஒரு சாண் தள்ளி கொஞ்சம் சாச்சு வைங்க, இல்லன்னா "ப" வர்ற எடத்துல எல்லாம் காத்து அடிச்ச மாதிரி புஸ்ஸுனு கேக்கும். விடியக்காலையில பண்ணலாம்னு நானும் முயற்சி பண்ணேன், ஸ்டோரு (தேயிலைத் தொழிற்சாலை) மெஷின் ஓடுற இரைச்சல் அடியில லேசா வந்துகிட்டே இருக்கு, நமக்குப் பழகிப் போனதால நேர்ல தெரியாது, இயர்போன்ல தெரியும்.

எடிட்டுக்கு ஓடாசிட்டி, இலவசம்தான், ஆனா அது போன்ல ஓடாது, கம்பியூட்டர் வேணும். வாசிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு செக்கன் பேசாம இருங்க, அந்த வெறும் சத்தத்த மாதிரியா காட்டித்தான் நொய்ஸ் ரிடக்ஷன் போடணும். ரொம்பப் போட்டுறாதீங்க, குரல் தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும், கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் குரல் குரலா இருக்கணும். லிப்ரிவொக்ஸ் கேக்குறது எம்பி3, 128 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ, சத்த அளவு 89 டெசிபெல் கிட்ட, கடைசியில 5 செக்கன் மௌனம். இந்தக் கணக்குல நிமிஷத்துக்கு சுமாரா 1 எம்பி வரும், பத்து நிமிஷக் கதைன்னா 10 எம்பி, டேட்டா பத்தி பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நேரம் எடுக்கும், எனக்கு பத்து நிமிஷக் கதைக்கு வாசிப்பு, வெட்டுறது, திரும்பக் கேக்குறதுன்னு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகுது.

லிப்ரிவொக்ஸ்ல சேந்த உடனே கதை கேக்க மாட்டாங்க, ஒரு நிமிஷ டெஸ்ட் ஒண்ணு போடச் சொல்லுவாங்க, மைக்கும் செட்டிங்கும் சரியான்னு பாக்கத்தான். அப்புறம் நீங்க வாசிச்சத இன்னொரு வொலன்டியர் முழுசா கேப்பாங்க, ப்ரூஃப் லிசனர்னு பேரு. ஒரு வரி ரெண்டு தடவ வந்திருச்சா, நடுவுல எதாவது விட்டுப் போச்சா, நாய் குரைச்சிருக்கான்னு நிமிஷம் செக்கனோட எழுதிச் சொல்லுவாங்க, அந்த எடத்த மட்டும் திரும்ப வாசிச்சு ஒட்டினாப் போதும்.

இப்ப உங்க பேச்சுப் பத்தி. இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நெனச்சேன். நான் பதினொண்ணு படிக்கிறப்ப ஒரு பேச்சுப் போட்டியில நடுவரா வந்தவரு எல்லாருக்கும் முன்னாடி "கருத்து நல்லாருக்கு, ஆனா தோட்டத்துத் தமிழ்" அப்படின்னு சொல்லி மார்க்க குறைச்சாரு, அதுக்கப்புறம் ரொம்ப நாள் நான் மேடையே ஏறல. லிப்ரிவொக்ஸ்ல எனக்கு முதல்ல புடிச்சது என்னன்னா, கேட்டாலொழிய உங்க உச்சரிப்பப் பத்தியோ வாசிக்கிற விதத்தப் பத்தியோ யாரும் விமர்சனம் சொல்லக்கூடாது, எந்த ஊர்ப் பேச்சா இருந்தாலும் எடுத்துக்குவாங்க. நீங்க எழுத்துல இருக்குற வார்த்தைய மாத்தக்கூடாது, அவ்வளவுதான், குரல் உங்களோடது. மலையகத்துக் குரல்ல ஒரு கதை இணையத்துல இருக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு என் அண்ணன் மக அத கேட்டுட்டு "அத்த, இது நம்ம மாதிரி பேசுது"ன்னு சொன்னப்பதான் எனக்கே புரிஞ்சுச்சு.

எந்தக் கதைய எடுக்குறதுங்குறதுலதான் நெறையப் பேரு தடுக்கி விழுறாங்க, நானும் விழுந்தேன். தேர்த் திருவிழாக் கடையில வாங்குன தெனாலிராமன் கதைப் புத்தகத்துல இருந்து ஆறு கதை வாசிச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் உள் அட்டையப் பாத்தேன், தொண்ணூறுகள்ல அச்சடிச்சது. கதை பழசுதான், எல்லாருக்கும் பொதுதான், ஆனா அந்த வசனம் அத எழுதுனவரோடது. ஆறையும் அழிச்சேன், மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதனால பதிப்பு வருஷத்த முதல்ல பாருங்க. லிப்ரிவொக்ஸ் அமெரிக்கச் சட்டத்தப் பாக்குது, பழைய புத்தகம்னா வெளியான வருஷத்துல இருந்து 95 வருஷம், ஒவ்வொரு ஜனவரி 1ம் தேதியும் ஒரு வருஷத்துப் புத்தகங்க விடுதலையாகும், 1930ல வெளியானது 2026 ஜனவரி 1ல வந்துச்சு. இலங்கைச் சட்டத்துல எழுதுனவரு செத்து 70 வருஷம் வரைக்கும் கொப்பிரைட் இருக்கும். ரெண்டையும் தாண்டுனதா எடுத்தா நிம்மதி.

தமிழ்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்லுறது வீரமாமுனிவரோட பரமார்த்த குரு கதை. அவரு 1747ல செத்துட்டாரு, கதை 1822ல லண்டன்ல அச்சாச்சு, கொப்பிரைட் கவலையே கெடையாது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீசப்புள்ளைங்க, ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்க கொள்ளிக்கட்டைய தண்ணிக்குள்ள விடுற எடம் சின்னப் புள்ளைங்களுக்கு அப்படிப் புடிக்கும். வசனம் பழைய நடை, வாக்கியம் நீளம், மூச்சு எங்க விடுறதுன்னு பென்சில்ல கோடு போட்டு வச்சுக்கங்க. நடேச சாஸ்திரி 1880கள்ல தென்னிந்தியக் கதைங்கள தொகுத்தாரு, 1906ல காலமானாரு, அவரோட பழைய பதிப்பு கெடச்சா எடுக்கலாம். இங்கிலீஷ் வாசிக்க முடியும்னா நம்ம நாட்டுலயே இருக்கு, நீர்ப்பாசனத் திணைக்களத்துல வேலை செஞ்ச ஹென்றி பார்க்கர் சிங்களக் கிராமங்கள்ல சேத்த கதைங்க, மூணு தொகுதி, 1910ல இருந்து 1914 வரைக்கும் வந்துச்சு. பழைய தமிழ் நூலுங்களுக்கு மதுரைத் திட்டம், நம்ம நாட்டு நூலுங்களுக்கு நூலகம் தளம், ரெண்டுலயும் தேடுங்க, ஆனா ஒரு தளத்துல கெடக்குதுங்குறதுக்காக அது பப்ளிக் டொமைன்னு நெனச்சிராதீங்க. உதாரணத்துக்கு நம்ம சி. வி. வேலுப்பிள்ளை சேத்துத் தந்த மலைநாட்டுப் பாட்டுங்க, அவரு 1984லதான் காலமானாரு, அந்தத் தொகுப்புக்கு இன்னும் நாள் இருக்கு.

சரி, புத்தகத்துல இல்லாத கதைங்க? நம்ம கதைங்கள்ல முக்கால்வாசி அப்படித்தான். எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, 41 வருஷம் கொழுந்து எடுத்தவங்க, எழுத்து தெரியாது, கதை தெரியும். ஏழு அண்ணனுக்கு ஒரு தங்கச்சி கதையில அண்ணங்காரன் சீல வாங்க தொறையூர்ச் சந்தைக்குப் போவான். தொறையூர் இந்தியாவுல திருச்சிப் பக்கம், அம்மாயி அதப் பாத்ததே இல்ல, அவங்க தாத்தா அந்தப் பக்கத்துல இருந்து வந்தவராம். அதே கதையில தங்கச்சி காட்டுல வழி தப்பி நிக்கிறப்ப ஸ்டோரு சங்கு ஊதுற சத்தத்த வச்சு வீட்டுக்கு வந்து சேருவா. தொறையூரும் ஸ்டோரு சங்கும் ஒரே கதைக்குள்ள. நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து வந்து 200 வருஷமானத நெனச்சு 2023ல மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அந்த வழியாத்தான் இந்தக் கதையும் நடந்து வந்திருக்கும்னு நான் நெனச்சுக்குவேன்.

இத ரெக்கோட் பண்ண உக்காந்தா அம்மாயிக்கு கதையே வரல. போன முன்னால வச்சதும் ரெண்டு வரி சொல்லிட்டு "அப்பறம் என்னா, அவ்வளவுதான்"னு முடிச்சுட்டாங்க. மூணு நாள் இப்படியே. நாலாவது நாள் அண்ணன் மக, ஆறு வயசு, பக்கத்துல வந்து படுத்துகிட்டு "சொல்லு பூட்டி"ன்னா, அவ "ம்" கொட்ட ஆரம்பிச்சதும் கதை தானா வந்துச்சு, அரை மணித்தியாலம், பாட்டோட. ம் கொட்டுறது நின்னா அம்மாயி நிப்பாட்டி "தூங்கிட்டியா"ன்னு கேப்பாங்க, அவ "இல்ல பூட்டி"ம்பா, திரும்ப ஓடும். நான் எடிட் பண்ணுறப்ப அந்த "ம்" எல்லாத்தையும் வெட்டி எடுத்தேன், சுத்தமா இருக்கணும்னு. கேட்டுப் பாத்தா அம்மாயி செவுத்தப் பாத்துப் பேசுற மாதிரி இருந்துச்சு. எல்லாத்தையும் திரும்ப ஒட்டினேன், "தூங்கிட்டியா" உட்பட. அதுல இருந்து புத்தகம் வாசிக்கிறப்பவும் எதிர்ல ஒரு ஆள உக்கார வச்சுக்குறேன், யாரும் இல்லன்னா ஒவ்வொரு வரிக்கும் மனசுக்குள்ள ஒரு ம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போவேன், வேகமா வாசிக்கிற பழக்கம் அதுலயே போயிருச்சு.

அம்மாயி கதைங்கள லிப்ரிவொக்ஸ் எடுக்காது, அவங்களுக்கு அச்சான புத்தகம் வேணும். நான் நேரா இன்டர்நெட் ஆர்கைவ்ல போட்டேன். இங்க ஒரு விஷயம் கவனிங்க, நம்ம நாட்டு 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துல நாட்டார் கலைங்களுக்குன்னே 24ம் பிரிவு இருக்கு, வியாபாரத்துக்காக எடுத்துப் பயன்படுத்துறதுல இருந்து பாதுகாக்கத்தான். பப்ளிக் டொமைன்னு கொடுத்துட்டா எவனும் எடுத்து விக்கலாம், அப்புறம் நம்மளால ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால அம்மாயி கதைங்களுக்கு மட்டும் விக்கக்கூடாதுங்குற கிரியேட்டிவ் கொமன்ஸ் லைசன்ஸ் போட்டேன். அவங்ககிட்ட போடுறதுக்கு முன்னாடி உக்காந்து விளங்கப்படுத்துனேன், லண்டன்ல இருக்குறவங்களும் கேப்பாங்க, பேரு போடவான்னு. பேரு வேணாம்னாங்க. ஒரு பேய்க்கதைய மட்டும் அழிக்கச் சொன்னாங்க, "அந்தக் கங்காணி குடும்பம் மூணாம் லயத்துலதானடி இருக்கு, அவங்க காதுல விழுந்தா நல்லாருக்குமா"ன்னு. அழிச்சேன். நீங்களும் வயசானவங்ககிட்ட ரெக்கோட் பண்ணுனா ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியாக் கேளுங்க, மொத்தமா ஒரு சரி வாங்கிகிட்டு எல்லாத்தையும் போட்டுறாதீங்க.

யாரு கேக்கப் போறான்னு ஒரு கேள்வி வரும். எங்க மலையில கொழுந்து எடுக்குறவங்க நெறையப் பேரு இப்ப போன சட்டைக்குள்ள போட்டுகிட்டு பாட்டுக் கேட்டுகிட்டேதான் எடுக்குறாங்க, கை ரெண்டும் கொழுந்துல இருக்கும், கண்ணு கொழுந்துல இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கு. வாசிக்கத் தெரியாதவங்களும் இருக்காங்க, தெரிஞ்சவங்களுக்கும் வீட்டுக்கு வந்து சமைச்சுப் போட்டுட்டு புத்தகத்தத் தொறக்க எங்க தெம்பு இருக்கு. லிப்ரிவொக்ஸ் கதைங்களுக்கு ஆர்கைவ்ல 64 கேபிபிஎஸ் ஃபைலும் இருக்கும், அது நிமிஷத்துக்கு அரை எம்பிதான், நான் கடைக்கு ரீலோட் போட வர்றவங்களுக்கு வட்ஸ்அப்ல அதத்தான் அனுப்பிவிடுறேன். எங்க டிவிஷன்ல ஒரு அக்கா குரு கதைய கேட்டுட்டு மறுநாள் கொழுந்து நிறுக்குற எடத்துல எல்லாருக்கும் சொல்லிக் காட்டியிருக்காங்க, கொள்ளிக்கட்டைய தேயிலைக் குச்சியா மாத்தி.

மழை இல்லாத ராத்திரியா ஒண்ணப் பாத்து அந்த ஒரு நிமிஷ டெஸ்ட்ட முதல்ல போடுங்க. தமிழ்ல ப்ரூஃப் கேக்க ஆள் கெடைக்கிறதுதான் சுணங்கும், அதுக்கு நான் வர்றேன், ஞாயித்துக்கிழமை கடை லீவு, ஃபைல் லிங்க இந்தப் பதிலுக்குக் கீழ போட்டு வைங்க, முழுசா உக்காந்து கேட்டு நிமிஷத்தோட எழுதித் தர்றேன்.