அம்பின் எடை எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

குறுக்கு வில்லும் (கட்டையில் கிடையாகப் பூட்டி, விசையை அழுத்தி எய்யும் வில்) அதன் அம்பும் பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. அம்பு எடையைக் கிரெயினில் சொல்வது வழக்கம், 15.43 கிரெயின் ஒரு கிராம். நாண் படும் பின்பக்கத் துண்டை நொக் என்றும், தண்டின் முன்வாய்க்குள் ஒட்டப்பட்டு முனையைத் திருகி இறுக்க இடம் தரும் துண்டை இன்சேர்ட் என்றும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: கனடாவில் ஒரு கழகத்தில் குறுக்கு வில் எய்கிற என் மருமகனிடம் ஒரே பெட்டியில் வாங்கிய ஆறு அம்புகள் இருக்கின்றன. 20 மீற்றரில் நாலு அம்பு ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள் அடங்குகிறது. மற்ற இரண்டும் எப்போதும் ஒரு சாண் விலகிப் போகின்றன. வில்லில் பிழையா, குறிபார்க்கும் ஸ்கோப்பில் பிழையா? – வாசகர், பரந்தன்

பதில்: நாலு அம்பு சேர்ந்து விழுகிறது என்றால் வில்லும் சரி, ஸ்கோப்பும் சரி. பிழை அந்த இரண்டு அம்புகளில்தான். ஸ்கோப்பின் திருகில் கைவைக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அதைத் திருப்பினால் நல்ல நாலும் கெட்டுவிடும்.

ஆறு அம்புக்கும் இலக்கமிட்டு, முனை, நொக், இறகு எல்லாம் பூட்டியபடியே நிறுக்கச் சொல்லுங்கள். சமையலறைத் தராசு இதற்குப் போதாது. நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் வரை காட்டுவது வேண்டும். அம்புகளுக்கிடையே 5 கிரெயின், அதாவது ஏறத்தாழ 0.3 கிராம் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. 10 கிரெயினைத் தாண்டியதை வேறாக எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது சமநிலை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, அடிமட்டத்தின் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்து அம்பை அதில் கிடத்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். நொக்கில் நாண் படும் இடத்திலிருந்து அந்தக் கோடு வரை ஓர் அளவு. அதே இடத்திலிருந்து தண்டு முடியும் இடம் வரை இன்னோர் அளவு. முனையின் நீளத்தை இதில் சேர்ப்பதில்லை. முதல் அளவிலிருந்து தண்டு நீளத்தின் பாதியைக் கழித்து, வந்ததைத் தண்டு நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் முன்பாரம், அதாவது எடை மையம் தண்டின் நடுவிலிருந்து எவ்வளவு முன்னே நிற்கிறது என்பது, சதவீதமாக வரும். 50.8 சென்ரிமீற்றர் தண்டு 32.5 சென்ரிமீற்றரில் சமநிலை கண்டால், 7.1ஐ 50.8ஆல் வகுக்க 14 சதவீதம். இந்த நீளத்தில் 1 மில்லிமீற்றர் பிசகு 0.2 சதவீதம்தான். ஆகவே அடிமட்டமே போதும், விலை கூடிய கருவி தேவையில்லை.

ஒரே பெட்டி அம்புகளில் ஒன்றின் கோடு மற்றவற்றிலிருந்து 3 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நின்றால், முனை முழுதாகத் திருகப்படவில்லை, அல்லது இன்சேர்ட் அடிவரை போய் உட்காரவில்லை, அல்லது உள்ளே பசை கட்டியாக நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எடையும் சமநிலையும் சரியாக இருந்தும் அம்பு விலகினால், இறகுகள் கண்ணாடியின் ஓரத்துக்கு வெளியே நிற்கும்படி தண்டைச் சன்னல் கண்ணாடி மேல் வைத்து உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முனை நடுங்கினால் தண்டோ இன்சேர்ட்டோ கோணலாக இருக்கிறது. அப்படியான அம்பை எடைக் கணக்கால் திருத்த முடியாது.

கேள்வி: ஈட்டி எறிதலில் முன்பாரம் கூடிய ஈட்டி சீக்கிரம் தலை கவிழும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அம்புக்கும் அதே விதிதானா? – உடற்கல்வி ஆசிரியர், புதுக்குடியிருப்பு

பதில்: பாதிதான் பொருந்தும். கிழக்கு ஜேர்மனியின் உவே ஹோன் 1984இல் 104.80 மீற்றர் எறிந்த பின், மைதானம் போதாது என்ற கவலையும் எழுந்தது, ஈட்டி தட்டையாக விழுவதால் முனை குத்தியதா என்று தீர்மானிக்கும் சிக்கலும் இருந்தது. 1986இல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 சென்ரிமீற்றர் முன்னே தள்ளினார்கள். ஈட்டி முன்கூட்டியே தலை கவிழ்ந்து குத்தத் தொடங்கியது, தூரமும் குறைந்தது.

ஈட்டி மெதுவாகப் போகிறது, காற்று அதைத் தாங்குகிறது. குறுக்கு வில் அம்பு நொடிக்கு 100 மீற்றரளவில் போகிறது. காற்று அதைத் தூக்குவது மிகக் குறைவு. அம்பில் முன்பாரம் செய்யும் வேலை வேறு. எடை மையம் முன்னேயும், காற்று இழுக்கும் இறகு பின்னேயும் இருக்கும்போது, இரண்டுக்கும் இடையிலான தூரம் நெம்புகோல் போல உதவுகிறது. வால் ஆடினாலும் இறகு அதைச் சீக்கிரம் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும். பட்டத்துக்கு வால் கட்டுவதும் இதற்காகத்தான். நெம்புகோல் குட்டையானால் அம்பு வாலை ஆட்டியபடியே இலக்கு வரை போகும். அட்டையில் துளை வட்டமாக இராமல் கிழிசலாக இருக்கும்.

குறுக்கு வில் அம்புக்கு 10 முதல் 20 சதவீதம் வரை முன்பாரம் நன்றாக வேலை செய்யும். இலக்கு எய்ய 12 முதல் 15க்குள் வைத்துக்கொள்வது எங்கள் தெரிவு. ஆனால் எல்லா அம்பும் ஒரே எண்ணில் நிற்பதுதான் முக்கியம். 11இல் ஆறு அம்பு நிற்பது, 12இல் மூன்றும் 16இல் மூன்றும் நிற்பதைவிட மேல்.

கேள்வி: 100 கிரெயின் முனையைக் கழற்றி 150 போட்டால் அம்பு நேராகப் போகும் என்றார்கள். போட்ட பிறகு 40 மீற்றரில் எல்லாம் கீழே விழுகின்றன. – வாசகர், மல்லாவி

பதில்: அம்பு நேராகத்தான் போகிறது. குறி மாறிவிட்டது. 20 அங்குல அம்பு ஒன்றைக் கணக்குப் போடுவோம்: தண்டு 230, இன்சேர்ட் 42, நொக் 15, மூன்று இறகும் சேர்ந்து 27, முனை 100, மொத்தம் 414 கிரெயின், முன்பாரம் 13 சதவீதமளவில். 125 முனை போட்டால் அது 15 ஆகும், 150 போட்டால் 17. மொத்த எடையோ 464 கிரெயினுக்கு ஏறிவிடுகிறது. வில் கொடுக்கும் சக்தி ஏறத்தாழ அதேதான் என்பதால் வேகம் 100 மீற்றரிலிருந்து 95 பக்கம் இறங்கும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலே 40 மீற்றரில் 9 சென்ரிமீற்றர் கூடுதலாகத் தாழும். ஆகவே புது எடையோடு ஸ்கோப்பை முதலிலிருந்து அமைக்க வேண்டும். அடிக்கடி முனை மாற்றுவதை விட்டு, ஒன்றைத் தெரிந்து அதிலேயே நில்லுங்கள்.

சாதாரண வில்லில் எய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முனையில் பாரம் ஏற ஏற, எய்யும் நொடியில் தண்டு கூடுதலாக வளைகிறது. விறைப்புக் குறைந்த தண்டு போல நடந்துகொண்டு பக்கவாட்டில் விலகும். குறுக்கு வில்லின் தண்டு குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் இந்தத் தொல்லை அதற்குக் குறைவு.

கேள்வி: சாதாரண வில்லின் கார்பன் அம்பை 20 அங்குலத்துக்கு வெட்டி, முனைக்குள் ஆணி செருகி முன்பாரம் ஏற்றிக் குறுக்கு வில்லில் எய்யலாமா? – வாசகர், நெடுங்கேணி

பதில்: கூடாது. தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்தத் தண்டு குறுக்கு வில்லின் அடியைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. வெடித்தால் கார்பன் சிம்பு கைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகும். மொத்த எடையும் குறைந்துவிடும். எடை போதாத அம்பு வில்லின் சக்தியை வாங்காது. அந்தச் சக்தி, வெறும் நாணை விடுவது போல வில்லுக்கே திரும்பி, வில்லின் கைகள் பிளக்கும். வில்லோடு வந்த கையேட்டில் ஆகக் குறைந்த அம்பு எடை போட்டிருக்கும், அதற்குக் கீழே இறங்காதீர்கள். நொக்கும் அப்படியே. தட்டை நொக் கேட்கும் வில்லுக்குத் தட்டைதான், அரைப்பிறை கேட்பதற்கு அரைப்பிறைதான். மாற்றிப் போட்டால் நாண் அம்புக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும்.

முன்பாரம் கூட்ட வேண்டுமென்றால் ஆணி வேண்டாம், பித்தளை இன்சேர்ட் இருக்கிறது. மேலே சொன்ன அம்பில் 42 கிரெயின் இன்சேர்ட்டுக்குப் பதில் 100 கிரெயின் பித்தளை போட்டால் முன்பாரம் 17 சதவீதம் வரும். அது தண்டின் நடுக்கோட்டிலேயே உட்காருகிறது. ஆணி ஒருபக்கம் சாய்ந்து நின்றால் சுழலும் அம்பு தள்ளாடும்.

கேள்வி: சோளகம் அடிக்கும் மாதங்களில் முன்பாரத்தைக் கூட்டினால் உதவுமா? – வாசகர், துணுக்காய்

பதில்: கொஞ்சம்தான். காற்றில் பெரிய குற்றவாளி பெரிய இறகு. அது அம்பின் வேகத்தைத் தின்கிறது, பக்கக் காற்றையும் பிடிக்கிறது. 4 அங்குல இறகிலிருந்து 2 அல்லது 3 அங்குலத்துக்கு இறங்குங்கள். சிறிய இறகுக்கு உதவியாக அப்போது முன்பாரம் 15 பக்கம் இருக்கட்டும். குளக்கட்டுப் பக்கம் திறந்த வெளியில் எய்வதானால், காற்று ஓய்ந்திருக்கும் விடிகாலையில் எய்துதான் அம்புகளை ஒப்பிட வேண்டும்.

கேள்வி: முனையை இழுத்தெடுக்கும்போது இன்சேர்ட்டும் சேர்ந்து வருகிறது. ஒட்டினாலும் நிற்பதில்லை. – வாசகர், முள்ளியவளை

பதில்: சூடாக்கி ஒட்டும் பசை எங்கள் வெயிலில், அதுவும் மூடிய வாகனத்துக்குள் கிடந்தால், இளகிவிடும். எபொக்சி பாவியுங்கள். பழைய பசையைச் சுரண்டி, தண்டின் உள்வாயைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். இன்சேர்ட்டைச் சுற்றி மெல்லிய பூச்சுப் போதும். சுழற்றியபடி செருகி, வெளியே வழிந்ததைத் துடைத்து, முனை கீழே இருக்க 24 மணிநேரம் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் பசை ஒருபக்கம் சேர்ந்துவிடும். கார்பன் தண்டுக்கு நேரே நெருப்புக் காட்டாதீர்கள். காய்ந்ததும் திரும்ப எடை பார்த்து, சமநிலைக் கோட்டையும் புதிதாகப் போடுங்கள், ஏனென்றால் பழைய கோடு இனிப் பொருந்தாது.