ஆடுகளத்தில் முறிந்த கால்

கேள்வி: கால்பந்து ஆட்டத்தில் எதிரணி வீரர் மோதியதால் என் கால் எலும்பு முறிந்தது. ஆடச் சம்மதித்தவர் வழக்குத் தொடர முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவாகத் தொடரும் விதி, வாட்போட்டியை எடுத்துக்காட்டாகக் கூறி, 18 வயது கடந்தவர் சம்மதித்து ஆடுகையில் முறைகேடின்றி நேரும் காயத்தைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கமோ, அது விளையக்கூடும் என்ற அறிவோ இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நியாயமான எல்லை அதுவே என்று கருதுகிறேன். நட்டஈடு கோருவது தனி வழி. இங்கிலாந்தில் உள்ளூர் ஆட்டமொன்றில் காலை முறித்த பொறுப்பற்ற மோதலுக்கு, நடுவரின் சாட்சியத்தை ஏற்று வழங்கப்பட்ட 4,900 பவுண்டு நட்டஈட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் உறுதிசெய்தது. ஆகவே, நடுவரின் அறிக்கையையும் மருத்துவச் சான்றையும் உடனே பெற்றுக்கொள்ளுங்கள்.