சப்வூஃபரையும் மெயின் ஸ்பீக்கர்களையும் ஒன்றாக ஒலிக்க வைப்பது எப்படி?

மதுரை அண்ணா நகர் வீட்டு ஹாலில், புது சப்வூஃபரை (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) மூலையில் வைத்ததும் தவில் மட்டும் தனியாக இடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். நம் ஊர் ஹால்களில் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. தாழ்ந்த ஒலி அடங்க வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சில சுருதிகளை மட்டும் பெருக்கிவிடும். மூலையில் அது இன்னும் அதிகம். நீங்கள் உட்காரும் இடத்திலேயே சப்வூஃபரை வைத்துப் பாட்டை ஓடவிடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். ஆனால் செலவில்லாமல் இவ்வளவு பலன் தரும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்புறம் கிராஸ்ஓவர், அதாவது எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லை. 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதற்கு மேலே போகப் போக, ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடித்துவிடும். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர், சப்வூஃபர் ஒலியும் மெயின் ஸ்பீக்கர் ஒலியும் அதில் பாதி தூரம் முன்பின்னாக வந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 டிகிரி இரண்டிலும் போட்டுப் பாருங்கள். பேஸ் நிறைவாகக் கேட்பதுதான் சரி.

சப்வூஃபரின் சத்தத்தைக் கடைசியில் தொடுங்கள். தவிலும் நாகஸ்வரமும் ஒரே மேடையிலிருந்து வருவதுபோல் கேட்கும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.