இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு டபுள் ப்ரமோஷன் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு முதலில் அவளுடைய பிறந்த தேதியை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள். வகுப்பில் சொல்லித்தருவதெல்லாம் முன்னமே தெரிந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் படிப்பு அவளுக்கு ஒரு பிரச்சினையாக இருக்காது.

நான் இரண்டிலிருந்து நேராக நாலாம் வகுப்புக்குப் போனவள். 1974, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பெருமைதான். ஹெட்மாஸ்டர் என் அலுமினியப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தார், கால் தரையில் எட்டவில்லை. வகுத்தல் கணக்கு சுத்தமாகத் தெரியாது. பக்கத்துப் பெண் சாப்பாட்டு நேரத்தில் சிலேட்டில் போட்டுக் காட்டினாள், அதற்குக் கூலி என் பையில் இருந்த நெல்லிக்காய். கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்தால் குழந்தை ஏங்கிப்போகும் என்று சொல்ல இங்கே நாலு பேர் வருவார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, என் கதையைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வினை வேறு இடத்தில் இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், எனக்குப் பதிமூன்றரைதான் வரும். மேலே எழுதிப்போட்டு வயது விலக்கு வாங்கலாம், ஆனால் அதற்கு யார் அலைவது என்று ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்தார். 1967 செப்டம்பரில் பிறந்த நான் 1966 ஜூனில் பிறந்தவள் ஆகிவிட்டேன். அப்பாவும் தலையாட்டிவிட்டார். (எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள், ஊரில் வேறு மாதத்தில் பிரசவமே நடக்காத மாதிரி.)

அப்புறம் அரசு வேலை கிடைத்தது. சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பித்தால்தான் பிறந்த தேதியைத் திருத்துவார்கள். அதற்குள்தான் கொடுத்தேன், பிறப்புப் பதிவேட்டு நகலோடு. இன்னொரு சான்று இணைக்கவும், இன்னொரு சான்று இணைக்கவும் என்று கோப்பு திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் கால வரம்பு கடந்துவிட்டது என்று அதே மேஜைக்காரரே குறிப்பு எழுதினார்! 2020-ல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அடுத்த வருடமே 60. ஆபீஸே இனிப்பு சாப்பிட்டது, நானும்தான் சாப்பிட்டேன். ஆனால் 60 காகிதத்துக்குத்தான், நிஜத்தில் 59கூட நிரம்பாமல் 2026 ஜூனில் வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்றேகால் வருடச் சம்பளம் போச்சு. என்னைவிட நிஜத்தில் ஏழு மாதம் மூத்தவர் என் நாற்காலிக்கு வரப்போகிறார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். இப்போது பிறப்புச் சான்றிதழ் இருப்பதால் யாரும் பேனாவை எடுக்க முடியாது, அதனால் தொல்லை வேறு பக்கத்திலிருந்து வரும். நீட் எழுத, சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வகுப்பைத் தாண்டிய பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலும் 16-ல்தான் நிற்கும். மிச்சம் பிடித்த வருடத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டியதுதான். சி.வி.ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தாரே, 1904-லேயே பி.ஏ. வாங்கினாரே என்று ஆரம்பிக்காதீர்கள், அவருக்கு நீட் இல்லை. டாக்டர் கனவு வீட்டில் இல்லையென்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

எதற்கும் பத்தாம் வகுப்புக்கு உங்கள் போர்டில் என்ன வயது என்று பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை கணக்குப் பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரட்டும், பெயர் பழைய வகுப்பு அட்டெண்டன்ஸிலேயே இருக்கட்டும்.